கூல்வென் வாசித்த மல்லாரி

தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நீங்க டப்பாவைத் திறந்ததும் புட்டு வாசனை வந்துச்சு, அதான் தமிழான்னு கேட்டேன். பாரிஸ்ல ஏறினதுலேர்ந்து இந்தப் பெட்டியில ஒருத்தர் இருமற சத்தம்கூடக் கேக்கல. யாழ்ப்பாணமா? சந்தோஷம். எனக்கு இந்த ஊர் பாஷை தெரியாது. கேம்பேர்னு ஒரு ஸ்டேஷன், அங்க இறங்கணும். நீங்களும் அங்கதானா? அப்பக் கவலையில்ல. நான் பேசிக்கிட்டே உக்காந்திருந்தா தட்டிச் சொல்லிடுங்க. மூணு மணிக்கு அந்த ஊரைத் தாண்டி ஒரு சர்ச்சுல நிக்கணும்.

வாயிலயா? வெத்தலை இல்லம்மா, சீவாளி. நாயனத்து வாயில சொருகி ஊதறோமே, நாணல்ல பண்ணினது, அது. காய விட்டா வெடிச்சுப் போயிரும். அதனால வாயில ஒதுக்கி ஈரமா வெச்சுக்கறது. சும்மா பழக்கம். வாசிக்கறதுக்காக இல்ல. அதை இப்பவே சொல்லிடறேன், இன்னைக்கு நான் வாசிக்கப் போறதில்ல.

மேல நீளமா இருக்கே பெட்டி, ஆமா, நாயனம்தான். பின்ன ஓட்டல்ல விட்டுட்டு வரச் சொல்றீங்களா? எவனாவது தூக்கிட்டுப் போனா யாரு பதில் சொல்றது? அதான் கையோட கொண்டுவந்தேன். வேற காரணம் ஒண்ணுமில்ல.

என் பேரு சோமாஸ்கந்தன். கீழத் திருப்பாலூர், மன்னார்குடிப் பக்கம். அங்க பெரிய கோயில் நாயனம் எங்க வீட்டு உரிமை. அப்பா, தாத்தா, அவருக்கு மேல எத்தனை பேரோ. நான் பதினெட்டு வருஷமா வெளிநாட்டுலயும் வாசிக்கறேன். கிழக்கையும் மேற்கையும் நாயனத்தால கட்டிப் போட்ட வித்துவான்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. நானே சொல்லிக்கக் கூடாது. போட்டிருந்தாங்க, அதைச் சொன்னேன்.

இப்பப் போறது ஒரு சாவுக்கு. என்கூட அந்தப் பதினெட்டு வருஷமும் வாசிச்சவன். கூல்வென்னு பேரு. நேத்து காலையில நான் விமானத்துலேர்ந்து இறங்கறேன், எப்பவும் கம்பி கிட்ட நின்னு ரெண்டு கையையும் ஆட்டுவான், ஆளைக் காணோம். ஃபோன் பண்ணினா அவன் பொண்ணு மாயெல் எடுக்குது. அழுதுக்கிட்டே இங்கிலீஷ்ல சொல்லுது, அப்பா போயி நாலு நாளாச்சுன்னு. நாலு நாள்! எனக்குச் சொல்லல. சொன்னா நான் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருவேன்னு பயமாம். நான் வந்து இறங்கட்டும்னு பொணத்தை வெச்சிருக்காங்க. அடக்கத்துக்கு நீங்க வாசிக்கணும், அப்பா சொல்லிட்டுப் போயிருக்காருங்குது. என்ன வாசிக்கணும்னு கேட்டேன். அதை அவர் சொல்லல, 'சோமுவுக்குத் தெரியும்'னு மட்டும்தான் சொன்னாருங்குது.

எனக்கென்னம்மா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். சாவுக்கு நாயனம் ஊத மாட்டோம். அது அவனுக்கும் தெரியும். நல்லாவே தெரியும். தெரிஞ்சுதான் கேட்டிருக்கான்.

உங்க ஊர்ல செத்த வீட்டுக்குப் பறைதானே? நாயனக்காரர் வர மாட்டாருல்ல? ஆங். பாத்தீங்களா, உங்களுக்குச் சொன்னாப் புரியுது. கல்யாணம், காதுகுத்து, சாமி புறப்பாடு, இதுக்குத்தான் நாயனம். கோயில் தெருவுல ஒரு சாவு விழுந்தா, எடுக்கற வரைக்கும் கோயிலையே சாத்திருவாங்க. உள்ள இருக்கற நாயனத்துச் சத்தம்கூட அந்தச் சாவு மேல படக் கூடாது. இதை அந்தப் பொண்ணுக்கு ஃபோன்ல எப்படி விளக்கறது? 'நோ பிளே, நோ பிளே'ன்னேன். அது 'ஓகே சோமு, நீங்க வந்தாப் போதும்'னு சொல்லிட்டு இன்னும் அழுவுது.

இருங்க, ஃபோன். வீட்டுக்காரிதான். தையல்நாயகி. ...ம். ...ம். ஆமா, ரயில்லதான் இருக்கேன். மாலையைப் போட்டுட்டு வந்துருவேன். இல்ல, தொடல. தொட மாட்டேன். மேல பெட்டியிலதான் இருக்கு, பூட்டித்தான் இருக்கு. வெச்சிடறேன்.

பாத்தீங்களா, நேத்துலேர்ந்து இதேதான். ஆனா அவ சொல்றதுல தப்பு இல்ல. பங்குனித் தேருக்கு மூணு வாரம்கூட இல்ல. தேருக்கு முன்னாடி நின்னு வாசிக்கறது எங்க வீடு. அப்பன் பாட்டன் எனக்கு வெச்சிட்டுப் போன சொத்து அது ஒண்ணுதான், வேற ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. நான் ஒரு பொணத்துக்கு முன்னாடி நாயனத்தைத் தூக்கினேன்னு ஊருக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது. இப்ப எல்லாக் கையிலயும் ஃபோன். இங்க ஊதினா அங்க டீக்கடையில பாத்துருவான். என் சித்தப்பா மகன் தங்கராசு, அவனும் நாயனக்காரன், அந்தத் தேருக்கு முன்னாடி நிக்கறதுக்கு எத்தனையோ வருஷமாக் காத்துக்கிட்டிருக்கான். தீட்டுப்பட்ட நாயனம்னு ஒரு வார்த்தையை கோயில் நிர்வாகத்துக் காதுல போட்டான்னா போதும். அப்புறம் நான் பாரிஸ்ல வாசிச்சேன், ஜெர்மனியில வாசிச்சேன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருக்க வேண்டியதுதான்.

அவங்க ஊர்ல வேற மாதிரி. பிரெத்தாஞ்னு சொல்றாங்களே இந்தப் பக்கத்தை, நீங்க இங்கயே இருக்கறவங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கல்யாணத்துக்கும் அதே குழல், சாவுக்கும் அதே குழல். சர்ச்சுக்குள்ளயே நின்னு ஊதுவாங்க. ஊதிட்டுப் போகட்டும். நான் ஏதாவது சொன்னேனா? அவங்க வழக்கம் அவங்களுக்கு. நம்ம வழக்கம் நமக்கு. ஒவ்வொரு கச்சேரியிலயும் ஆரம்பத்துல நான் நாலு வார்த்தை பேசுவேன். இசைக்கு எல்லை இல்ல, மதம் இல்ல, கடல் இல்லன்னு. அதை ஒருத்தர் பிரெஞ்சுல சொல்லுவாரு, சனங்க கை தட்டுவாங்க.

என்ன? 'அப்ப ஏன் வாசிக்க மாட்டன் எண்டுறியள்'னா? ஏங்க, அது மேடையில பேசறது. இது சாவு.

கோவம் இல்லம்மா. நீங்க சாப்பிடுங்க, புட்டு ஆறுது. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க, அதான் சுருக்குனு வந்துருச்சு.

அவனை எப்படிப் பிடிச்சேன்னு சொல்றேன் கேளுங்க. சர்க்கார் செலவுல எங்களை ஒரு விழாவுக்கு இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்திருந்தாங்க. தெருவுல நடந்து போறோம், தூரத்துல ஒரு சத்தம். யாரோ நம்ம ஆளு திமிரிங்கற குட்டை நாயனத்தை வெச்சுக்கிட்டு ஊதறான்னு நெனச்சு ஓடினேன். போய்ப் பாத்தா தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ரெண்டு பேரு. ஒருத்தன் கக்கத்துல ஒரு தோல்பையை அமுக்கிக்கிட்டு ஊதறான். இன்னொருத்தன் கையில முழ நீளக் குழல். பொம்பார்துன்னு பேராம். கன்னம் உப்பி, முகம் செவந்து, கழுத்து நரம்பு தெறிச்சு நிக்குது. வாயில பாத்தா, சீவாளி! எனக்குச் சிரிப்பு தாங்கல. எங்க அப்பா முகத்தை அப்படியே வெள்ளைக்காரனுக்கு வெச்ச மாதிரி இருந்துச்சு. அவன்தான் கூல்வென். தொழில் படகு செய்யற தச்சு. என் நாயனத்தை வாங்கித் தடவினான், மோந்து பாத்தான், அப்புறம் நக்கிப் பாத்தான். நக்கிப் பாத்தான்மா! ஆச்சா மரம்டா, பழைய வீட்டு உத்தரத்துலேர்ந்து எடுத்ததுன்னு தமிழ்லயே சொன்னேன். அவனும் அவன் பாஷையிலயே ஏதோ சொன்னான். அன்னைக்கு முழுக்க அப்படித்தான் பேசிக்கிட்டோம், ரெண்டு பேருக்கும் எல்லாம் புரிஞ்சுது.

அவங்க வாசிக்கறதுல ஒரு முறை இருக்கு. அந்தக் குழலை விடாம ஊத முடியாது, உதடு செத்துப் போயிரும். அதனால ஒருத்தன் ஒரு அடி வாசிச்சு விடுவான். அவன் விடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே மத்தவன் அதே அடியைப் பிடிச்சுக்கணும். நடுவுல ஓட்டை விழக் கூடாது. விட்டதை எடுக்காம நின்னுட்டா, அவங்களுக்குள்ள அதை விட அவமரியாதை இல்ல. நம்ம ஜோடி நாயனமும் அதே கதைதானே? அதனாலதான் நாங்க ஒட்டிக்கிட்டோம். விடப் போறப்ப கூல்வென் ஒரு தடவை தலையை ஆட்டுவான், கன்னத்தை இறக்கிக் கீழ பாத்து, இதோ இப்படி. இனிமே உன்னுதுன்னு அர்த்தம். இத்தனை வருஷமா அந்தத் தலையாட்டலைப் பாத்துக்கிட்டேதான் நான் மேடையில உக்காந்திருக்கேன். ஒரு தடவைகூட நான் விட்டதில்ல. அது என் கர்வம்.

அப்புறம் மார்கழின்னா அவன் எங்க வீட்டுலதான். எங்க அப்பா வைத்திலிங்கம் பிள்ளைக்கு அவன்மேல அப்படி ஒரு பிரியம். அவனுக்கு மல்லாரி சொல்லிக் கொடுத்தாரு. மல்லாரி உங்க கோயில்லயும் வாசிப்பாங்களே, சாமி புறப்படறப்ப? வார்த்தை கிடையாது, வெறும் நாயனமும் தவிலும். ராகம் கம்பீரநாட்டை. அஞ்சே சுரம், அவன் குழல்ல அந்த அஞ்சும் இருக்கு, அதனாலதான் அப்பா அதை எடுத்தாரு. ஒரே உருப்படியை முதல்ல நிதானமா, அப்புறம் அதையே ரெண்டு மடங்கு வேகத்துல, அப்புறம் நாலு மடங்குல. மூணு காலமும் முடிச்சாத்தான் மல்லாரி. பாதியில விட்டா சாமியை வாசப்படியில நிக்க வெச்ச மாதிரின்னு அப்பா திட்டுவாரு. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தப்ப பிரம்பு ஒடிஞ்சுது. அவனுக்குச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிக் கொடுத்தாரு. தப்பு விட்டா 'பரவால்லடா வெள்ளை, திரும்ப எடு'ம்பாரு. எனக்குப் பொறாமையெல்லாம் இல்ல. சும்மா சொல்றேன்.

அப்பா போனதும் ஒரு மார்கழியிலதான். ஏழு வருஷமாச்சு. காலையில பல் தேய்ச்சுட்டு வந்து உக்காந்தவரு, காப்பி வர்றதுக்குள்ள போயிட்டாரு. ஊரே வந்து நிக்குது. வாசல்ல பெஞ்சைப் போட்டுக் கிடத்தியிருக்கோம். சங்கு ஊதறவரு இன்னும் வரல. நான் ஈர வேட்டியோட நிக்கறேன், மூத்த புள்ள. கூல்வென் கிணத்தடியில போய்க் கை கால் கழுவிட்டு வந்தான். செருப்பைக் கழட்டினான். அப்பா கால்மாட்டுல நின்னான். கையில குழல். அவர் காலடியில வெச்சுக் கும்பிடப் போறான் போலன்னு நெனச்சேன். நல்ல புள்ளைன்னுகூட நெனச்சேன்.

வாயில வெச்சுட்டான்மா.

மல்லாரி! சாவு வீட்ல! அவங்க ஊர்ப் பாட்டு எதையாவது ஊதியிருந்தாக்கூட ஏதோ தெரியாம ஊதறான்னு விட்டிருப்பாங்க. மல்லாரி சாமிக்கு வாசிக்கறது. உசுரோட இருக்கற மனுஷனுக்கே வாசிக்க மாட்டோம். மேடையில வாசிக்கறது வேற, அது கச்சேரி. இவன் பொணத்துக்கு முன்னாடி நின்னு வாசிக்கறான். முதல் காலம் முழுக்க வாசிச்சான். நிதானமா, அப்பா சொல்லிக் கொடுத்த அதே நிதானம். சுத்தி உக்காந்திருந்த பெரிசுங்க கையி தொடையில தாளம் போடுது. கண்ணுல தண்ணி கொட்டுது, கை அது பாட்டுக்குத் தாளம் போடுது. என் கண்ணால பாத்தேன். என் கையி? எனக்கு ஞாபகம் இல்ல.

ரெண்டாங்காலம் எடுத்தான். அப்பத்தான் தங்கராசு கத்தினான். 'மங்கள வாத்தியத்தைப் பொணத்துக்கு ஊதறான், பாத்துக்கிட்டு நிக்கறீங்களேடா! நாளைக்குக் கோயில்ல எப்படிக் கால் வெப்பீங்க?' அவ்வளவுதான், எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. போய் அந்தக் குழலை அவன் வாயிலேர்ந்து பிடுங்கினேன். வேகமாப் பிடுங்கினதுல சீவாளி ஒடிஞ்சு உதட்டைக் கிழிச்சிருச்சு. வெள்ளைச் சட்டையில ரத்தம். அவன் என்னைப் பாத்தான். பாத்துட்டு ஒரு தடவை தலையை ஆட்டினான். அப்புறம் போய் மாட்டுக் கொட்டகைப் பக்கம் உக்காந்துட்டான்.

நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சதுல என்ன தப்பு? அன்னைக்குப் பிடுங்கலேன்னா அந்த வருஷமே தேரு போயிருக்கும். முறைப்படி எல்லாம் நடந்துச்சு. சங்கு வந்துச்சு, எடுத்தோம். எத்தனை கல்யாணம், எத்தனை தேரு, எத்தனை சாமியைத் தூக்க வெச்ச மனுஷன். சங்குச் சத்தம் ஒண்ணைத் தவிர வேற சத்தமில்லாம போனாரு. அதுதான் முறை. நான் ஒண்ணும் குறையாச் சொல்லல.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் பேச்சு வார்த்தை இல்ல. மறுவருஷம் அவனேதான் டிக்கெட் அனுப்பினான். வந்து இறங்கினா கம்பி கிட்ட நின்னு ரெண்டு கையையும் ஆட்டறான், ஒண்ணுமே நடக்காத மாதிரி. நானும் கையை ஆட்டினேன். ஆனா ஒரு விஷயம். அன்னையிலேர்ந்து அவன் மல்லாரியை மட்டும் வாசிக்கல. மேடையில நான் மல்லாரியை எடுத்தா, அவன் குழலை மடியில வெச்சுட்டுத் தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். ஏன்டான்னு கையைக் காட்டுவேன். சிரிப்பான். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னாடி என்னைத் தனியா விட்டு வேடிக்கை பாக்கறானே, எவ்வளவு திமிருன்னு உள்ளுக்குள்ள கொதிக்கும். ஆறு வருஷம் அந்தத் திமிரைப் பொறுத்துக்கிட்டேன்.

இப்ப இந்த வேலை. மூணு மாசம் முன்னாடி வீடியோவுல வந்தான். சோமு, எங்க ஊர் சர்ச்சுல ஒரு சின்னக் கச்சேரி, நீயும் நானும் மட்டும், தவில்கூட வேணாம், வாடான்னு கூப்பிட்டான். குல்லாவைக் காதுக்குக் கீழ இழுத்து விட்டிருந்தான். அப்புறம் பேசறப்பல்லாம் அதே குல்லா. வீட்டுக்குள்ள என்னடா குல்லா, கிழவனாயிட்டியான்னு கேலி பண்ணினேன். குளிருதுன்னான். குளிரு இல்லம்மா. தலையில முடி இல்ல. நெஞ்சுல புத்துநோய், மருந்து ஏத்திக்கிட்டிருந்திருக்கான். நேத்துதான் அந்தப் பொண்ணு சொல்லுது. நான் வர்ற வரைக்கும் தாங்கிரணும்னு பாத்தாராம், முடியலையாம். நான் கேலி பண்ணினப்பல்லாம் அவனும் சேந்து சிரிச்சானே, அதை நெனச்சா எனக்கு...

விடுங்க. தண்ணி இருக்கு, வேணாம்மா, எங்கிட்ட இருக்கு.

என்ன தந்திரம் பாருங்க. கச்சேரின்னு சொல்லி வரவெச்சு, சாவுக்கு வாசிக்கச் சொல்றான். அன்னைக்கு நான் ஊருக்கு முன்னாடி பிடுங்கினேன்ல? இன்னைக்கு அவன் ஊருக்கு முன்னாடி நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். இவ்வளவு தூரம் வந்து நண்பனுக்கு வாசிக்காத பாவின்னு எல்லாரும் பாக்கணும். ஏழு வருஷம் மனசுல வெச்சிருந்து திருப்பிக் கொடுக்கறான். வேற என்னவா இருக்கும்?

எப்படி இருக்கும், மல்லாரியா? ரயில்ல உரக்கப் பாட முடியாதே. இருங்க, சீவாளியை எடுத்துட்டு மெதுவா முனகிக் காட்டறேன். இது முதல் காலம்... ஆதி தாளம்தான்... இங்க ஒரு நிறுத்தம்... ம்... இப்ப அதையே ரெண்டாங்காலம்... இதோ, இந்த இடம். இங்கதான் நான் பிடுங்கினேன்.

நீங்க டப்பா மூடியில தாளம் போடறீங்களே! சரியாத்தான் விழுது. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க? கோயில்ல கேட்டதுதானா? நல்ல காது.

என்ன கேட்டீங்க? திரும்பச் சொல்லுங்க.

'குழலைப் பறிச்ச பிறகு அவர் ஏன் தலையாட்டினவர்?'

அது... அது சும்மா. கிண்டலு. அப்படித்தான் நெனச்சேன். சரி சரி, நீ ஜெயிச்சேங்கற மாதிரி. இல்ல, கன்னத்தை இறக்கி, கீழ பாத்து... என்னைப் பாத்துட்டு அப்புறம் கீழ பாத்து...

இருங்கம்மா. கொஞ்சம் இருங்க.

விடப் போறப்ப ஆட்டறது அது. நான் சொன்னேன்ல? இனிமே உன்னுதுன்னு. அவன் வாயில ரத்தம், கையில குழல் இல்ல, தொடர முடியாது. பக்கத்துல நாயனக்காரன் நான் நிக்கறேன். ரெண்டாங்காலம் பாதியில நிக்குது. அவன் விட்டுட்டான். விட்டுட்டு எனக்குத் தலையை ஆட்டியிருக்கான். நான் எடுக்கல. பதினெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட விட்டதில்லன்னு இப்பத்தானே உங்ககிட்ட பீத்திக்கிட்டேன்.

அதனாலதான் அவன் அதைத் திரும்ப வாசிக்கலையா? முதல் காலத்துலேர்ந்து திரும்ப எடுக்கக் கூடாதுன்னுதானா? அது இன்னும் அங்கயே நிக்குதுன்னுதான் உக்காந்திருந்தானா? ஆறு வருஷம் மடியில குழலை வெச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தானேம்மா. திமிருன்னு நெனச்சேனே.

எங்க அப்பாவை வாசப்படியிலயே நிக்க வெச்சுட்டேன்.

...ஒண்ணுமில்ல. வயசாச்சு, கண்ணு தானா ஊத்துது. அந்தக் காகிதத்தைக் கொடுங்க.

ஆனா ஒண்ணு, நான் சொன்ன சொல்லு சொல்லுதான். சாவுக்கு நாயனம் ஊத மாட்டேன். அதுல மாத்தமில்ல. ஆனா இது சாவுக்கு ஊதறதுல சேராது, நல்லா யோசிச்சுப் பாருங்க. புதுசா எதுவும் எடுக்கப் போறதில்ல. ஏழு வருஷம் முன்னாடி எடுத்தது, எங்க வீட்டு வாசல்ல. பாதியில நிக்குது, முடிக்கணும். முடிக்காம விடறதுதான் தோஷம். முதல் காலம் அவன் வாசிச்சுட்டான், அதைத் தொட மாட்டேன். செருப்பைக் கழட்டிட்டு, அவன் கால்மாட்டுல நின்னு, ரெண்டாங்காலத்துல நான் பிடுங்கின அதே இடத்துலேர்ந்து எடுத்து, மூணாங்காலம் போய், முடிக்கற தீர்மானத்தை வெச்சு இறக்கிருவேன். அது யாருக்கு வாசிக்கறது? எங்க அப்பாவுக்கு. இவனுக்கும்தான். ரெண்டு பேருக்கும்தான். என்னத்தையோ சொல்லுங்க, போங்க.

தங்கராசு கேப்பான். கேக்கட்டும். உங்க பெரியப்பனுக்குத்தான்டா வாசிச்சேன், அன்னைக்கு நீ கத்தி நிறுத்தினதைத்தான் முடிச்சேன்னு சொல்றேன். அவன் ஒத்துக்க மாட்டான். நிர்வாகமும் ஒத்துக்காது. தேரு போயிரும்னுதான் நினைக்கறேன். போனா எனக்கு வலிக்கும்மா. அந்த வடத்தைப் பிடிச்சு ஊரே இழுக்கறப்ப வீட்டுக்குள்ள உக்காந்து கேக்கறதுன்னா, வலிக்கும். வலிக்கட்டும்.

இதுதானா ஸ்டேஷன்? வேகம் கொறையுதே. அந்தப் பெட்டியை மெதுவா, மெதுவா இறக்குங்க, அடியில கை கொடுங்க. அதோ பாருங்க, பிளாட்பாரத்துல கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு நிக்குதே, அந்தப் பொண்ணுதான் மாயெல். பாருங்க, அவங்க அப்பன் மாதிரியே ரெண்டு கையையும் ஆட்டுது.

அம்மா, உங்களுக்கு வீட்டுல அவசர வேலை ஏதும் இருக்கா? ஒரு ரெண்டு மணி நேரம் வர முடியுமா? அங்க எல்லாரும் உக்காந்து அழுவாங்களே தவிர, தாளம் போட ஒரு ஆள் கிடையாது. டப்பா மூடியில போட்டீங்களே, அது போதும். முன்வரிசையில உக்காந்து தொடையில தட்டுங்க, நான் அதைப் பாத்துக்கிட்டே வாசிச்சுருவேன். வர்றீங்களா? நல்லா இருப்பீங்க.

இருங்க, சீவாளியைத் திரும்ப வாயில வெச்சுக்கறேன், பேசினதுல காஞ்சு போச்சு. ஐயய்யோ, ஃபோன் வேற அடிக்குது. தையல்நாயகியேதான். இந்தாங்கம்மா, நீங்களே எடுங்க. எடுத்துச் சொல்லுங்க, அவரால இப்பப் பேச முடியாது, வாயில சீவாளி இருக்குன்னு.